அந்த பீரோவைக் கொஞ்சம் திறங்க சார்

அஞ்சாவது செமஸ்டரில் எங்க வீட்டுக்கு மேகத்திலிருந்து ஒண்ணு இறங்கியது. மழை இல்லை, பில்.

கிளவுட் பாடத்துக்காக ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் தொடங்கியிருந்தேன். தொடங்க கார்டு வேணும். என்கிட்ட ஏது கார்டு? அப்பாவோட டெபிட் கார்டைக் கொடுத்தேன். லேப் மேனுவலில் சொன்னபடி ஒரு குபர்நெட்டிஸ் கிளஸ்டர் உருவாக்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரெக்கார்டு நோட்டில் ஒட்டி, கையெழுத்தும் வாங்கிட்டேன். கிளஸ்டரை நிறுத்த மட்டும் மறந்துட்டேன். அதை மேய்க்கிற பகுதிக்கு மணிக்கு 10 சென்ட் வாடகை. கேட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். மாசத்துக்கு 720 மணி நேரம், 72 டாலர். நம்ம காசுக்கு 6,000 ரூபாய்க்கு மேல. அதில் ஓடிய மென்பொருள் என்னன்னு கேட்கிறீங்களா? ‘வணக்கம்’ என்று ஒரு வரி காட்டும் பக்கம். அதையும் என்னைத் தவிர யாரும் பார்க்கலை.

ஓரிக்கையில் எங்க வீட்டில் தறி ஓடுது. அப்பாவும் அம்மாவும் மாத்தி மாத்தி உட்கார்ந்தாலும் ஒரு புடவைக்குப் பதினஞ்சு நாள் ஆயிடும். அப்பா திட்டலை. “ஏம்மா, மேகத்துக்கெல்லாமா வாடகை வாங்குறாங்க?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தாலே நல்லா இருந்திருக்கும்.

தப்பு என்னோடதுதான். ஆனா அன்னிக்கு ராத்திரி ஒரு கேள்வி தூங்க விடலை. அந்த 6,000 ரூபாய்க்கு நான் என்ன கத்துக்கிட்டேன்? பட்டனை அமுக்கினா கிளஸ்டர் வரும் என்பதை. உள்ளே எத்தனை இயந்திரம், எது எதுக்குத் தலைமை, நடுவில் ஒண்ணு செத்தா மத்தது என்ன பண்ணும், எதுவும் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டாம், நாங்க பார்த்துக்கிறோம்னு சொல்லித்தானே வாடகையே வாங்குறாங்க. வியாபாரத்துக்கு அது சரி. படிக்க வந்தவங்களுக்கு?

நம்ம டிபார்ட்மென்ட் லேப்பில் பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இரும்பு பீரோ இருக்கு, பார்த்திருப்பீங்க. அதுக்குள்ள அஞ்சு ராஸ்பெரி பை 4 போர்டுகள் இருக்கு. ஐஓடி லேப்புக்காக வாங்கினது. ஸ்டாக் ரெஜிஸ்டரில் அஞ்சும் பத்திரமா இருக்கு. ஏன் வெளியே எடுக்கிறதில்லைன்னு கேட்டா, “தொலைஞ்சா யார்மா பதில் சொல்றது” என்பார்கள். அவங்க பயமும் நியாயம்தான், ஆடிட் வரும்போது நிக்கப்போறது அவங்க. ஆனாலும் சொல்றேன்: கிளவுட் பாடத்தோட முதல் அஞ்சாறு லேப்பை அந்த போர்டுகளில்தான் நடத்தணும். வாடகைக் கிளவுட் அதுக்கப்புறம் வரட்டும்.

இதை சும்மா சொல்லலை. மினி ப்ராஜெக்டுக்காக நானும் என் டீமும் கெஞ்சிக் கூத்தாடி நாலு போர்டு வாங்கி ஒரு செமஸ்டர் முழுக்க ஓட்டினோம். பழைய கேள்வித்தாள்களைத் தேடித் தர ஒரு தளம். ஹாஸ்டல் வைஃபையில் மட்டும் திறக்கும். அரியர் எக்ஸாம் நேரத்தில் நிஜமாவே ஆள் வந்தாங்க.

குபர்நெட்டிஸை அப்படியே இந்த போர்டில் போட்டா திணறும். சின்ன இயந்திரங்களுக்காகவே இளைத்த வடிவம் ஒண்ணு இருக்கு, பேர் கே3எஸ். ராஞ்சர் நிறுவனம் 2019-ல் வெளியிட்டது. நிறுவும்போது வந்த சில்லறைத் தொல்லைகளை வேகமா சொல்லிடறேன். பூட் ஃபைலில் மெமரி கணக்கு வைக்கிற வசதியை நாமே திறந்துவிடணும், இல்லைன்னா கே3எஸ் எழுந்திருக்காது. லேப்டாப்பில் உருவாக்கிய கன்டெய்னரை அப்படியே கொண்டு வந்தா போர்டு அதைத் தொடாது. லேப்டாப் இன்டெல் மொழி பேசும், இது ஆர்ம் மொழி பேசும். இதுக்கு எங்களுக்கு ஒரு சனிக்கிழமை போச்சு. உங்களுக்கு அரை மணி நேரத்தில் முடியும், வந்து கேளுங்க.

பாடம் ஆரம்பிச்சது வயரைப் பிடுங்கினப்போதான்.

தளம் ஓடிக்கிட்டிருந்த போர்டோட வயரை ரிவ்யூவுக்கு முந்தின வாரம் ஒத்திகைக்காகப் பிடுங்கினோம். புத்தகத்தில் என்ன படிச்சிருக்கோம்? ஒரு நோடு செத்தா அதில் இருந்த வேலை இன்னொரு நோடுக்குத் தானா போயிடும். எல்லாரும் திரையைப் பார்த்துக்கிட்டு நின்னோம். ஒரு நிமிஷம் வரைக்கும் அந்த போர்டு ‘தயார்’ என்றே காட்டியது. அப்புறம் ‘தயார் இல்லை’ என்று மாறியது. தளம் மட்டும் வரலை. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம்... “போச்சு மச்சி, நம்ம கான்ஃபிக் தப்பு” என்று எல்லாத்தையும் அழிக்கப் போனோம். அஞ்சு நிமிஷம் தாண்டி, எங்களைக் கேட்காமலே இன்னொரு போர்டில் எழுந்து உட்கார்ந்தது.

அந்த அஞ்சு நிமிஷம் பிழை இல்லை. குபர்நெட்டிஸில் அப்படித்தான் வச்சிருக்காங்க, 300 வினாடி. ஏன்? ஓரிக்கை ஸ்டாப்பில் காலையில் பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். 7.40 பஸ் 7.50 ஆகியும் வரலை. லேட்டா வருதா, இல்லை இன்னிக்கு வண்டியே இல்லையா? ஸ்டாப்பில் நின்னுக்கிட்டு அதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. உடனே ஷேர் ஆட்டோ ஏறினா பின்னாடியே பஸ் வரும். ஏறாம நின்னா முதல் பீரியட் போகும். தூரத்தில் இருக்கிற இயந்திரம் பதில் சொல்லலைன்னா அது செத்துப்போச்சா, மெதுவா இருக்கா, நடுவில் வயர் போச்சா என்று இன்னொரு இயந்திரத்தால் உறுதியா சொல்ல முடியாது. பரவல் கணினியியலின் அடிப்படைச் சிக்கலே இதுதான். கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று ஒரு எண்ணை வச்சுக்கிறதைத் தவிர வேற வழியில்லை. இதை நான் யூனிட் 3-ல் படிச்சு 13 மார்க் எழுதியிருக்கேன். புரிஞ்சது அந்த அஞ்சு நிமிஷத்தில்தான்.

தளம் வேற போர்டுக்கு வந்துடுச்சா, கைதட்டினோமா, திறந்து பார்த்தா கேள்வித்தாள் ஒண்ணுகூட இல்லை. எல்லாம் செத்த போர்டோட கார்டிலேயே இருக்கு.

எங்க ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வாங்க. திருமழிசை ஆழ்வாரோட சீடர் கணிகண்ணனை ராஜா ஊரைவிட்டுப் போகச் சொன்னான். ஆழ்வாரும் கிளம்பினார், ஆழ்வார் சொன்னதால் திருவெஃகா பெருமாளும் தன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். மூணு பேரும் ஒரு ராத்திரி தங்கின இடம் ‘ஓரிரவு இருக்கை’. அதுதான் ஓரிக்கை ஆச்சு என்பது நம்பிக்கை. மறுநாள் ராஜா மன்னிப்புக் கேட்டதும் எல்லாரும் திரும்பிப் போய்ப் பழைய இடத்திலேயே பெருமாள் படுத்தார். பாட்டி சின்ன வயசில் சொன்ன இந்தக் கதை அன்னிக்கு லேப்பில் ஞாபகம் வந்து நான் மட்டும் தனியா சிரிச்சேன். பெருமாள் போகும்போது படுக்கையையும் எடுத்துக்கிட்டுப் போனார். நம்ம பாட் படுக்கையை விட்டுட்டு ஓடி வந்துடுச்சு. வேலையை இடம் மாத்துறது சுலபம், தரவை இடம் மாத்துறதுதான் கஷ்டம். வாடகைக் கிளவுடில் டிஸ்க் நெட்வொர்க் வழியா பின்னாலேயே வந்து ஒட்டிக்கும், அதனால அப்படி ஒரு கஷ்டம் இருக்கிறதே தெரியாது. நாங்க ஒவ்வொரு கேள்வித்தாளையும் ரெண்டு போர்டில் வைக்கிற மாதிரி மாத்தி எழுதினோம். ரெண்டு இடத்தில் இருந்தா எது புதுசு, எது பழசு என்ற அடுத்த தலைவலி அங்கேயே ஆரம்பிச்சது. அது தனிக் கட்டுரை.

இப்போ தலைமைக்கு வர்றேன். நாலு போர்டில் மூணு போர்டுகளை நிர்வாகத்துக்கு விட்டிருந்தோம். கிளஸ்டரோட எல்லா விவரமும் எட்சிடி என்ற தரவுதளத்தில் இருக்கும், அந்த மூணிலும் ஒவ்வொரு நகல். மூணில் ஒண்ணுதான் தலைவர். தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறது? அவங்களே. அதுக்கான முறைக்கு ராஃப்ட் என்று பேர். ஸ்டான்ஃபோர்டில் டியகோ ஓங்காரோ, ஜான் ஔஸ்டர்ஹவுட் ரெண்டு பேரும் 2014-ல் வெளியிட்டது. தலைவர்கிட்டேருந்து கொஞ்ச நேரம் சத்தம் வரலைன்னா மத்தவங்க தேர்தலுக்கு நிக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்னா ஓட்டு பிரிஞ்சு யாருமே ஜெயிக்க மாட்டாங்க. அதனால ஒவ்வொருத்தரும் காத்திருக்கிற நேரத்தைக் குலுக்கல் மாதிரி ஒரு எண்ணாக எடுத்துக்கணும். முதலில் எழுந்தவர் ஓட்டுக் கேட்பார். பாதிக்கு மேல் கிடைச்சா தலைவர்.

குலுக்கல்னதும் பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க காலரைத் தூக்கி விட்டுக்குவீங்கன்னு தெரியும். உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கிபி 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளில் குடவோலை முறை இருக்கு. ஊரை 30 குடும்புகளாகப் பிரிச்சு, தகுதியானவங்க பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. பதவி ஒரு வருஷம். கடந்த மூணு வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. உலகத்தின் முதல் ஜனநாயகம் என்று மேடையில் பேசுறாங்க, எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்கள் மட்டும் அவங்களுக்குள்ள நடத்தின ஏற்பாடு அது. எங்க வீட்டு ஆளுங்க பேர் அந்தக் குடத்தில் இருந்திருக்காது, என் பேர் நிச்சயமா இருந்திருக்காது. இது ஓட்டும் கிடையாது, சீட்டுதான். ஆனா அதில் ஒரு விவரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பையன் எடுத்துக் கொடுத்த ஓலையை வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில் வாங்கணும். அவர் படிச்ச பிறகு, அங்கே இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதே பேரைத் திரும்பப் படிக்கணும். கையில் ஒளிச்சு வச்ச ஓலையை மாத்தக்கூடாது, ஒருத்தர் சொன்னது மட்டும் செல்லாது. எட்சிடியும் கிட்டத்தட்ட அதைத்தான் பண்ணுது. தலைவர் ஒரு செய்தியை எழுதினா மட்டும் போதாது. பாதிக்கு மேல் உள்ளவங்க ‘நானும் எழுதிட்டேன்’ என்று சொன்ன பிறகுதான் அது முடிவான செய்தி.

எழுதிட்டேன் என்றால் டிஸ்கில் நிஜமாவே பதிஞ்சிருக்கணும். இங்கேதான் எங்க எஸ்டி கார்டு காலை வாரியது. கேமராவுக்குப் படம் சேமிக்கச் செஞ்ச கார்டு அது. சின்னச் சின்னதா, நொடிக்குப் பல தடவை, உடனே பதியச் சொன்னா மூச்சு வாங்கும். அது மூச்சு வாங்கும்போது தலைவர் சத்தம் கொடுக்கிறது தாமதமாகும். மத்தவங்க தலைவர் போயிட்டார்னு நினைச்சு தேர்தல் வைப்பாங்க. ஒரு ராத்திரி முழுக்க தேர்தல் மேல தேர்தல், ஆட்சி மட்டும் நடக்கலை. கடைசியில் பழைய லேப்டாப்களில் இருந்து கழட்டின எஸ்எஸ்டி மூணைத் தேத்தி யூஎஸ்பி-யில் மாட்டினோம், அடங்கியது. டிஸ்க் வேகத்துக்கும் தேர்தலுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எந்த ஸ்லைடும் எங்களுக்குச் சொல்லலை.

அப்புறம் கரண்ட் கட். மாசாந்திர பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போனா சாயங்காலம்தான் வரும். நெட்ஃபிளிக்ஸ் தன் சர்வர்களைத் தானே கண்டபடி அணைச்சுப் பார்க்க ‘கேயாஸ் மங்கி’ என்று ஒரு குரங்கை எழுதி வச்சிருக்கு. நமக்கு அந்தக் குரங்கு மாசம் ஒரு தடவை தானே வருது. ஒரு நாள் காலையில் கிளஸ்டரைப் புதுசா நிறுவின சூட்டோட கரண்ட் போச்சு. வந்த பிறகு எந்த போர்டும் எந்த போர்டோடவும் பேசலை. சான்றிதழ் செல்லாது, இன்னும் அதுக்கு நேரமே வரலைன்னு சொல்லுது. ராஸ்பெரி பை 4-ல் பேட்டரியோட ஓடுற கடிகாரம் கிடையாது. இன்டர்நெட் வந்தாத்தான் மணி தெரியும். வரலைன்னா கடைசியா குறிச்சு வச்ச பழைய நேரத்தில் எழுந்திருக்கும். அந்த நேரம், சான்றிதழ் உருவாகிறதுக்கு முன்னாடி. அதாவது பிறக்காத பிள்ளையோட பிறப்புச் சான்றிதழைக் காட்டுற கதை. சில நூறு ரூபாய்க்குக் கடிகார மாட்யூல் ஒண்ணு வாங்கி ஒரு போர்டில் பொருத்தி, மத்த மூணும் அதுகிட்ட மணி கேட்கும்படி வச்சோம். ‘பரவல் அமைப்பில் பொதுக் கடிகாரம் இல்லை’ என்ற வரியை இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

“இதெல்லாம் விளையாட்டுப் பொம்மைமா” என்று ரிவ்யூவில் ஒரு சார் சொன்னார். பொம்மைதான் சார். 2012-ல் ராஸ்பெரி பை 35 டாலருக்கு வந்த அதே வருஷம், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சைமன் காக்ஸ் என்ற பேராசிரியர் 64 போர்டுகளைச் சேர்த்து ஒரு குட்டி சூப்பர் கம்ப்யூட்டர் செஞ்சார். ரேக் முழுக்க லெகோ கட்டை, அடுக்கிக் கொடுத்தது அவரோட ஆறு வயசுப் பையன். அடுத்த வருஷம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 56 போர்டுகளில் ஒரு முழு கிளவுட் தரவு மையத்தோட மாதிரியைக் கட்டினாங்க, அதுவும் லெகோதான். போர்டுச் செலவு மட்டும் பார்த்தா 1,960 டாலர். நிஜ டேட்டா சென்டரை ஆராய்ச்சி மாணவர் கையில் யார் கொடுப்பாங்க? அதுக்குத்தான் மாதிரி. 2017-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் 750 போர்டு வாங்கியது. சூப்பர் கம்ப்யூட்டர் வச்சிருக்கிற இடத்துக்கு எதுக்கு இது? பெரிய இயந்திரத்தை ஒரு நிமிஷம்கூட சோதனைக்காக உடைச்சுப் பார்க்க முடியாது, உடைச்சுப் பழக ஒண்ணு வேணும்.

நம்ம நாட்டுக் கதையும் இதுக்குப் பக்கத்தில்தான் வருது. அமெரிக்கா சூப்பர் கம்ப்யூட்டர் தர மறுத்தப்போ, 1988-ல் புனேயில் சி-டாக் தொடங்கி, விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் பரம் 8000 செஞ்சாங்க. ஒரு ராட்சத பிராசஸர் கிடையாது. டிரான்ஸ்ப்யூட்டர் என்ற சின்னச் சில்லுகளைக் கோத்தது. சில்லு வெளிநாட்டில் வாங்கியது, கோக்கிற வித்தை நம்மோடது.

என் பக்கத்து ஓட்டைகளையும் சொல்லிடறேன். இது மலிவுன்னு இப்போ அடிச்சுச் சொல்ல முடியாது. போர்டு, நல்ல பவர் சப்ளை, எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்தா ஒரு நோடுக்கே ஆயிரக்கணக்கில் வரும். லேப் மூலையில் கழிச்சுப் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒவ்வொண்ணும் இந்த போர்டை வேகத்தில் தோற்கடிக்கும். அதில் செய்யலாமே என்றால், தாராளமா செய்யலாம். ஒரே சிக்கல் கரண்டும் இடமும். எங்க நாலு போர்டும் முழு வேகத்தில் ஓடினாலும் 30 வாட் தாண்டாது, தலைக்கு மேல சுத்துற ஃபேனில் பாதிகூட இல்லை. ஒரே மேசை, சின்ன யூபிஎஸ் போதும். புதுசா வாங்கச் சொல்லியிருந்தா நானே டெஸ்க்டாப் பக்கம்தான் நின்னிருப்பேன். ஆனா அஞ்சு போர்டு ஏற்கெனவே வாங்கியாச்சே.

இதை வச்சு காலேஜ் வெப்சைட்டை ஓட்டுங்கன்னும் சொல்லலை. ஓட்டினா எக்ஸாம் ரிசல்ட் அன்னிக்கு எல்லாரும் என்னைத்தான் தேடுவீங்க. வேலைக்கு எடுக்கிறவங்க கிளவுட் நிறுவனங்களோட சேவைப் பேர்களைத்தான் கேட்கிறாங்க, அதுவும் உண்மை. அந்தப் பேர்களை ரெண்டு வாரத்தில் மனப்பாடம் பண்ணிடலாம். ஆனா வெளியே போற வேலை எல்லாம் டேட்டா சென்டரிலேயே இருக்கப்போறதும் இல்லை. அமெரிக்காவில் சிக்-ஃபில்-ஏ என்ற சிக்கன் கடைக்காரங்க, ஒவ்வொரு கடையிலும் மூணு குட்டிக் கம்ப்யூட்டரில் குபர்நெட்டிஸ் ஓட்டுறதா 2018-லேயே எழுதினாங்க. இன்டர்நெட் போனாலும் கடை நிக்கக் கூடாது என்பதுதான் காரணம். இன்டர்நெட் போறதைப் பத்தி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஹெச்ஓடி சார் இந்த இதழைப் படிப்பார்னு தெரியும், அதனால நேரா கேட்டுடறேன். வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை மத்தியானம் 2 முதல் 5 வரை, பீரோ சாவியை லேப் அண்ணாகிட்ட கொடுத்து வையுங்க சார். ரெஜிஸ்டரில் நான் கையெழுத்துப் போட்டு எடுத்து, போகும்போது எண்ணி வச்சுட்டுப் போறேன். எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர்தான் இருக்கு, அதுக்கப்புறம் போட ரெண்டு ஜூனியர்ஸ் தயாரா இருக்காங்க. ஒரு போர்டு தொலைஞ்சா அந்தக் காசை நானே கட்டிடறேன். மேகத்துக்கே கட்டியிருக்கேன்.

ஜூனியர்ஸ், வரும்போது ஒரு லேன் கேபிளும் பழைய எஸ்எஸ்டி இருந்தா அதுவும் எடுத்துட்டு வாங்க. வயரைப் பிடுங்குற முதல் வாய்ப்பு, முதலில் வர்றவங்களுக்கு.